கைபேசியில் வரும் காசுக்கும் வரி உண்டா?

"மிஸ், நான் வீடியோ போடுறத நிப்பாட்டிட்டேன்."

2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். கலஹாவில் எமது மகளிர் குழுவின் மாதாந்தக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அக்கா என்னருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்ன வார்த்தைகள் இவை.

இந்த அக்காவின் கதை எமது வாசகியரில் பலருக்குப் புதிதாக இருக்காது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்ற குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். கிளிநொச்சியில் வளர்ந்து அங்கேயே திருமணம் முடித்தார். 2009 ஆம் ஆண்டு இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தபோது இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் கையில் ஒரு பொலித்தீன் பையும் மட்டுமே இருந்தன. தாய்வழி உறவினர் இருக்கிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் கலஹாவுக்கு வந்து, இன்று தோட்டமொன்றின் லயன் வீட்டில் மகளோடு வாழ்கிறார். தோட்டத்தில் பெயர்ப் பதிவு இல்லாதபடியால் கைக்காசு வேலைக்கு மட்டுமே போகிறார்.

கொரோனா காலத்தில் மகளின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கைபேசியில்தான் எல்லாம் தொடங்கியது. அம்மா விறகடுப்பில் ரொட்டி தட்டுவதையும், சம்பல் இடிப்பதையும், லயன் ஓரத்தில் கீரைப் பாத்தி போடுவதையும் மகள் படம் பிடித்து யூடியூபில் போட்டாள். வெளிநாட்டிலுள்ள எம்மவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். 1,000 சந்தாதாரர்களும், ஓர் ஆண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகு விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அக்காவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சில வேளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முப்பதாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது.

"நல்லாத்தானே போச்சு அக்கா. ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன்.

"வரியாம் மிஸ். நூத்துக்குப் பதினஞ்சு எடுப்பாங்களாம். பேர் பதியணுமாம், பதியாட்டித் தண்டமாம். பதியிற வேலைன்னாலே எனக்குப் பயம்."

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, பத்து வருடங்களுக்கு மேலாகக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்தும், வருமான வரி பற்றி நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. எங்களைப் போன்றவர்களுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பதிவு என்ற சொல்லின் பாரம்

முதலில் அக்காவின் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. யுத்த காலத்தில் கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் வாடகைக்கு இருந்த தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. முகாமில் பதிந்தோம். மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தோம். காணாமற்போன உறவுகளுக்காக ஆணைக்குழுக்களின் முன் எத்தனையோ தடவைகள் பதிந்தோம். எழுதிக் கொடுத்த பெயர்களுக்குப் பதில் வரவில்லை. அப்படியான பெண்ணிடம் "இன்னொரு திணைக்களத்தில் பதியுங்கள்" என்று சொன்னால் அவள் பின்வாங்குவது இயல்பே.

ஆனால் எமது வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்போது, கையில் அத்தாட்சிப் பத்திரம் இல்லாத காரணத்தாலேயே மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். ஆகவே பதிவைக் கண்டு பயப்படவும் எமக்குக் காரணம் உண்டு. பத்திரம் இல்லாமல் இருப்பதைக் கண்டு பயப்படவும் காரணம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் எது எமக்குப் பாதுகாப்பு என்பதை உண்மை விபரங்களை அறிந்த பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் வருமான வரி 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்கீழ் அறவிடப்படுகிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து வரிகள் மாற்றப்பட்டன. வெளிநாட்டவருக்குச் சேவை வழங்கி, வெளிநாட்டு நாணயத்தில் வங்கியூடாகப் பெறும் வருமானத்துக்கு அதுவரை வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 ஆம் திகதியுடன் அந்த விலக்கு நீங்கியது. யூடியூப், முகநூல் நிறுவனங்கள் அனுப்பும் விளம்பரப் பங்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. அக்கா கேள்விப்பட்ட "நூத்துக்குப் பதினஞ்சு" இங்கிருந்துதான் வந்தது.

ஆனால் அதே நாளில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதைப் பற்றி எவரும் அக்காவிடம் சொல்லவில்லை. ஒருவர் ஓராண்டில் பெறும் வருமானத்தில் வரியின்றி விடப்படும் தொகை 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதாவது மாதத்துக்குச் சராசரியாக 1,50,000 ரூபா வரை வருமான வரி இல்லை. இந்த விலக்கு ஒவ்வொரு தனிநபருக்கும் உரியது. கணவனுக்கு வேறு, மனைவிக்கு வேறு, வயது வந்த மகளுக்கு வேறு. ஆண்டு என்பது இங்கு ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையிலான காலமாகும்.

18 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமே வரி. அதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். வெளிநாட்டு நாணயத்தில் வங்கியூடாக வரும் சேவை வருமானமாயின், அதற்கு மேற்பட்டதற்கு 15 வீதம், அதைவிடக் கூடாது. உள்ளூரில் உழைத்த வருமானமாயின் 18, 24, 30, 36 வீதம் எனப் படிப்படியாக ஏறும்.

இங்கே ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் புடைவைக்கடை அல்லது நகைக்கடை தனது விளம்பரத்துக்காக உங்களுக்குக் கொடுக்கும் பணமும் வருமானமே. பணத்துக்குப் பதிலாகச் சேலையோ, சட்டி பானையோ கொடுத்தால் அதன் பெறுமதியும் வருமானமே. அயல்நாடான இந்தியாவிலும் இப்படித்தான். சமூக ஊடகப் பிரபலங்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் பெறுமதியான அன்பளிப்புகளில் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி அங்கு 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கனடாவிலுள்ள தம்பி வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் நீங்கள் உழைத்த வருமானம் ஆகாது. இரண்டும் ஒரே கணக்கில் வந்தால் எது எதுவெனப் பிரித்தறிய ஒரு குறிப்பு வைத்திருப்பது அவசியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

அடுத்த கிழமை அக்காவின் வீட்டு வாசலில் அமர்ந்து, மகளின் பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். யூடியூபிலிருந்து ஆண்டுக்கு ஐந்து தடவைகள் வந்தால் ஏறத்தாழ 1,60,000 ரூபா. வட்ஸ்அப் மூலம் விற்கும் மிளகாய்த் தூளிலும் சரக்குத் தூளிலும் 96,000 ரூபா. கைக்காசு வேலையில் 1,18,000 ரூபா. கடையொன்று வீடியோவில் உடுத்தக் கொடுத்த சேலை 6,000 ரூபா. எல்லாம் சேர்ந்து 3,80,000 ரூபா. டேட்டா, மிளகாய், பொதி செய்யும் பை, தபாற்செலவு என்று தொழிலுக்காகச் செய்த செலவுகளை இதிலிருந்து கழிக்கலாம். கழிக்காவிட்டாலும்கூட, வரி தொடங்கும் 18 இலட்சத்தில் இது கால்வாசியும் இல்லை.

"அப்ப நான் கட்டவேண்டிய வரி எவ்வளவு மிஸ்?"

"ஒண்ணும் இல்ல அக்கா."

அவர் நம்பவில்லை. மகளிடம் இன்னொரு தடவை கூட்டச் சொன்னார்.

வேறொரு கணக்கும் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்க 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அந்த 1,750 ரூபா வீதம் மாதம் 25 நாட்கள், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 5,25,000 ரூபாதான். எம்மில் பெரும்பாலானோருக்கும் இந்த எல்லைக்கும் இடையிலான தூரம் இதிலிருந்து விளங்கும்.

சரி, ஒரு சகோதரி உண்மையிலேயே நன்றாக உழைத்து, யூடியூபில் மாதம் 3,00,000 ரூபா பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் மீதி 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000 ரூபா. அடுத்த 8 இலட்சத்துக்கு 15 வீதப்படி 1,20,000 ரூபா. ஆண்டுக்கு மொத்தம் 1,80,000 ரூபா. முழு வருமானத்திலும் 15 வீதம் போய்விடும் என்று கேள்விப்பட்டவர் 5,40,000 ரூபா என்று நினைத்துத் தொழிலையே விட்டிருப்பார்.

வரி கட்ட வேண்டிய நிலைக்கு வருபவர்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளுக்குள் நான்கு தவணைகளாகச் செலுத்தி, மீதி இருந்தால் செப்டெம்பர் 30 க்குள் தீர்க்க வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக்கான வருமான விவரத்திரட்டை அவ்வாண்டு நவம்பர் 30 க்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. "நாங்கள் வரி கட்டாத சனங்கள்" என்று எம்மைப் பற்றி யாரும் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டது. சவர்க்காரம் வாங்கும்போதும் கைபேசிக்கு ரீலோட் போடும்போதும் அந்த வரியை ஏழைப் பெண்ணும் பணக்காரரும் ஒரே வீதத்தில்தான் கொடுக்கிறார்கள்.

பணம் யார் பெயரில் வருகிறது?

கணக்குப் போடும்போதுதான் உண்மையான பிரச்சினை வெளியே வந்தது. வங்கிக் கணக்கு அக்காவின் பெயரில் இல்லை. யூடியூபுக்கான பதிவும் அவர் பெயரில் இல்லை. தொடக்கத்தில் உதவி செய்த அக்கா மகன், எல்லாவற்றையும் தன் பெயரில் திறந்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சித்திக்கு அப்போது செல்லுபடியான முகவரியோ இலகுவில் எடுத்த வங்கிக் கணக்கோ இருக்கவில்லை. இப்போது அவர் கொழும்பில் வேலை செய்கிறார். அவருடைய சம்பளமே 18 இலட்ச எல்லையைத் தாண்டி நிற்கிறது. "சித்தி, உங்க காசு என் பேர்ல வந்தா வரி என் தலையில விழும்" என்று சொல்லி, கடைசியாக வந்த இரு கொடுப்பனவுகளையும் அவர் அனுப்பாமல் வைத்திருந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவின் பெயரில் வந்தால் ஒரு சதமும் வரியில்லாத 1,60,000 ரூபா, மகன் முறையானவரின் பெயரில் வரும்போது அவரது சம்பளத்தோடு சேர்ந்துவிடுகிறது. 6 வீதப்படி பார்த்தாலும் 9,600 ரூபா வரி. அவர் கட்டினாலும் நட்டம், கட்டாமல் மறைத்தாலும் குற்றம். அடுப்படியில் நின்று புகை குடித்த அக்காவோ எந்தப் பத்திரத்திலும் இல்லை.

பெண் தலைமைக் குடும்பங்களில் இதனை நான் அடிக்கடி காண்கிறேன். உழைப்பு பெண்ணுடையது, கணக்கு தம்பியுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். "நம்ம பிள்ளைதானே" என்ற உறவு நன்றாக இருக்கும்வரை எவருக்கும் இது பெரிதாகத் தெரிவதில்லை. கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, அல்லது குடும்பத்தில் பிணக்கு வரும்போதுதான், தனக்கு வருமானம் இருந்ததற்கு ஓர் அத்தாட்சியும் இல்லை என்பதை அவள் உணர்கிறாள்.

எனவே அக்காவின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறந்தோம். அடையாள அட்டையில் பழைய கிளிநொச்சி முகவரி இருந்தபடியால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொண்டோம். வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது எல்லோரும் சொல்லும் டின் இலக்கத்துக்கு, மகளின் கைபேசியிலேயே விண்ணப்பித்தோம். அதன்பின் அக்கா மகனும் கூட இருந்து, வீடியோ வருமானம் போகும் கணக்கை அக்காவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். வைத்திருந்த பணத்தையும் தந்தார்.

ஒரு தடை மட்டும் மிஞ்சியது. வருமானம் 10 டொலரை எட்டியதும் கூகிள் நிறுவனம் முகவரியை உறுதிப்படுத்த இரகசிய இலக்கம் ஒன்றைத் தபாலில் அனுப்பும். அதை உட்புகுத்தாவிட்டால் பணம் வராது. லயன்களுக்கோ தனித்தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வரும். முதற் கடிதம் கைக்குக் கிடைக்கவே இல்லை. கலஹா கடைவீதியில் அக்கா வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்காரரின் சம்மதத்தோடு அவரது முகவரியைக் கொடுத்து இரண்டாவது கடிதம் கேட்டோம். அது வந்து சேர்ந்தது.

எமது கண்ணீர் யாருடைய வருமானம்?

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட சகோதரிகளுக்கு இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. உதவி வழங்குவதாகக் கூறி வீட்டுக்கு வந்து, எமது வறுமையையும் அழுகையையும் படம் பிடித்து வெளியிடும் யூடியூபர்கள் பலர் உள்ளனர். அவர்களில் மனமுவந்து உதவுவோரும் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் யாழ்ப்பாண மாவட்டத்தில், உதவி வீடியோ எடுக்கச் சென்ற இடத்தில் ஒரு பெண்பிள்ளையை இழிவுபடுத்தும் விதமாக நடந்துகொண்டார் என்ற முறைப்பாட்டில் யூடியூபர் ஒருவர் கைதானதை மறக்க முடியாது.

அரிசி மூட்டையைப் பெறுபவர் நாம். அந்த வீடியோவுக்கு வரும் விளம்பரப் பணம் வெளியிட்டவருடைய வருமானம்; அதற்கு வரி பொறுப்பும் அவருடையதே. கமராவுக்கு முன் நிற்கமாட்டேன், பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்ல எமக்கு உரிமை உண்டு. "வெளிநாட்டுக் காசு உங்கள் கணக்கில் வரட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது கேட்டால் சம்மதிக்க வேண்டாம். பத்திரத்தில் அது உங்கள் பணமாகவே தெரியும். கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

நாம் செய்ய வேண்டியவை

1. டின் இலக்கம் எடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிய வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலிருந்து உள்ளது. இது இலவசம். பணம் கேட்கும் தரகர்களிடம் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள். இலக்கம் எடுத்தவர் எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்பதில்லை. ஆனால் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் அலுமாரியில் வைத்துவிடாமல் பதில் அனுப்புங்கள்.

2. அந்த இலக்கத்தால் ஒரு நன்மையும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் வங்கி வைப்பு வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 20,000 ரூபா வட்டி வந்தால் 2,000 ரூபா போய்விடும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் டின் இலக்கத்தோடு வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

3. யூடியூப் வருமானம் பெறுபவர்கள் கூகிள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பத் தவறாதீர்கள். நிரப்பாவிட்டால் முழு வருமானத்திலும் 24 வீதம் வரை பிடிக்க இடமுண்டு. நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பகுதியில் மட்டுமே பிடிப்பார்கள்.

4. வரவு, செலவு இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கூற்றுகளையும் ஐந்து ஆண்டுகளாவது பத்திரப்படுத்துங்கள்.

5. "டின் எடுத்தால் அஸ்வெசும வெட்டப்படுமா?" என்று பலர் கேட்கிறார்கள். அஸ்வெசும வேறொரு சட்டத்தின்கீழ், குடும்ப நிலையைப் பார்த்து வழங்கப்படுவது. ஓர் இலக்கம் இருப்பது வருமானம் இருப்பதாக ஆகாது. உண்மையிலேயே வருமானம் உயர்ந்தால் அதை மறைக்காமல் சொல்வதே முறை.

6. சந்தேகம் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கண்டியிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தனியே போகத் தயங்கினால் குழுவில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கலஹாவுக்கு அப்பால், தெல்தோட்டைப் பக்கமாகத்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட இடம். அன்றிலிருந்து இந்த மலைகளின் பெண்கள் கொழுந்து பறித்து நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்தார்கள். அந்தப் பணத்தின் கணக்கு அவர்களின் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. செக்ரோலில் வேறு ஒருவர் போட்ட கோடுதான் அவர்களின் உழைப்புக்கு அத்தாட்சி.

அண்மையில் அக்காவைப் பார்க்கப் போனேன். மீண்டும் வீடியோ போடுகிறார். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் கடுதாசி உறை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. திகதி, வந்தது, போனது, மீதி என்று நான்கு கோடு அடித்து எழுதியிருந்தார்.

"அரைப்பேர் போட்டாங்களா, முழுப்பேர் போட்டாங்களான்னு தெரியாம எங்கம்மா ஒவ்வொரு சம்பளத்துக்கும் சண்ட பிடிப்பாங்களாம். இது நான் எழுதுற செக்ரோல் மிஸ். யாரு வந்து கேட்டாலும் காட்டலாம்" என்றார்.

சகோதரிகளே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் ஒரு கொப்பியோடு வாருங்கள். வருமானம் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. முதற் பக்கத்தில் உங்கள் சொந்தப் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். மீதியைச் சேர்ந்திருந்து எழுதுவோம்.